ஆறாவது லைப்ரரி

திங்கட்கிழமை காலை மோனியா மென்பொருளை ஓடவிட்டாள். மூன்றே நொடியில் அது படுத்துக்கொண்டது. திரை முழுக்கச் சிவப்பு வரிகள், இருபத்தெட்டு. அவற்றில் முதல் வரிக்குத்தான் அர்த்தம் உண்டு. மற்றதெல்லாம் இழவு வீட்டில் கூட நின்று அழ வந்தவர்கள். அந்த முதல் வரி, நான் கேட்ட லைப்ரரி இங்கே இல்லை என்றது.

ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியின் மரபணுக்கூடத்தில் பதினோரு வருஷமாக ஓடுகிற மென்பொருள் அது. ஒரு மனிதரின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்து, எந்த எழுத்து பிழை என்று சொல்லும். ஜாவா என்னும் கணினி மொழியில் எழுதியது. ஜாவாக்காரர்களுக்கு எல்லாவற்றையும் தாமே செய்கிற வழக்கம் கிடையாது. யாரோ செய்துவைத்த துண்டுகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தத் துண்டுகளுக்குத்தான் லைப்ரரி என்று பேர். இதற்கு அப்படி ஆறு துண்டு, அதில் ஒன்று காணாமல் போனாலும் மொத்த மென்பொருளும் கையை விரித்துவிடும்.

வேறு நாளாக இருந்தால் மோனியா இதற்கெல்லாம் அசந்திருக்க மாட்டாள். கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் கெர்கென்னா தீவிலிருந்து வந்த ரஹ்மாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். ஒன்பது வயசுப் பிள்ளை, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்யக் கையில் குத்தாத இடமில்லை, நரம்பெல்லாம் சுருண்டுவிட்டது. இருபத்திரண்டு வயசு அக்கா வெஜ்தன் தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று நிற்கிறாள். ரஹ்மாவின் நோயோ குடும்பத்தோடு வருவது. அதே பிழை வெஜ்தனிடமும் ஒளிந்திருந்தால் தங்கையும் பிழைக்க மாட்டாள், அக்காவும் பாதியில் படுத்துவிடுவாள். இல்லை என்று எழுத்தில் வேண்டும், புதன் மதியத்துக்குள். வெளியூரிலிருந்து வருகிற அறுவை மருத்துவர் இந்த வியாழனை விட்டால் இனி இலையுதிர்காலத்தில்தான் வருவார். ரஹ்மாவுக்கு அவ்வளவு நாள் இல்லை.

சிவப்பு வரிகளை எட்டிப் பார்த்தார் ஹம்தி. கணினிகளைப் பராமரிப்பவர், ஐம்பது வயசு, தொந்தியும் சந்தேகமும் ஒன்றாக வளர்ந்தவர்.

"மேடம், இது லுத்ஃபியோட வேலை. எழுதி வெச்சுக்கங்க."

"லுத்ஃபி போயி ரெண்டு மாசம் ஆச்சு, ஹம்தி."

"அதத்தான் சொல்றேன். போகும்போது ஒரு அட்டைப்பெட்டியத் தூக்கிட்டுப் போனான். தலைநகரத்துல பெரிய கம்பெனி, கண்ணாடிக் கட்டடம். வெறுங்கையோட போனா சேத்துக்குவாங்களா?"

"பெட்டில அவன் காபிக் கோப்பையும் செருப்பும் இருந்துச்சு. நான்தான் கட்டிக் கொடுத்தேன். உங்க மக கல்யாணத்துல மூணு நாள் நாற்காலி தூக்கினவன் அவன். நாக்குக் கூசலையா உங்களுக்கு?"

ஹம்தி தன் மேஜைப் பக்கம் நகர்ந்தார். மோனியாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பதினோரு வருஷம் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் அவர்கள். அவள் எழுதுவாள், அவன் அதைக் கட்டி ஓடவைப்பான். மதியம் ஒரு ரொட்டியைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்பார்கள். காரம் அதிகமென்று அவன் தினமும் புலம்புவான், தினமும் தின்பான். அவனைப் போய்த் திருடன் என்பதா?

ஒரு மணி நேரம் தோண்டியதில் விஷயம் பிடிபட்டது. பழைய ஜாவாவில் ஒரு பொதுக் கிடங்கு உண்டு. அதற்குள் எந்த லைப்ரரியைப் போட்டாலும், எங்கே இருக்கிறது என்று சொல்லாமலே எல்லா மென்பொருளும் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் வழி எழுதிவைக்கச் சோம்பல்பட்டு, லுத்ஃபி ஆறையும் அந்தக் கிடங்கில் கொட்டிவைத்திருந்தான். புதிய ஜாவாவில் அந்தக் கிடங்கே கிடையாது. போன வெள்ளிக்கிழமை, பாதுகாப்பு என்ற பேரில், பழைய ஜாவாவை வழித்துத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டவர் யார் தெரியுமா? நம் ஹம்திதான்.

"மேலிடத்து உத்தரவு, மேடம்," என்றார் அவர், தொந்தியைப் பார்த்துக்கொண்டே.

"லுத்ஃபியோட வேலைன்னு எழுதி வெச்சுக்கச் சொன்னீங்களே, எழுதட்டுமா?"

லுத்ஃபி திருடன் இல்லை என்ற நிம்மதியில் மோனியாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அவனுக்குச் செய்தி அனுப்பினாள்: உன் சோம்பேறித்தனத்தால் என் அரை நாள் போச்சு, கழுதை. கெர்கென்னா பிள்ளைக்கு வியாழக்கிழமை ஆபரேஷன், இங்கே நான் உன் குப்பையைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். பதிலுக்கு அவனிடமிருந்து ஒரு சிரிக்கும் முகம் வந்தது.

ஐந்து லைப்ரரிகள் ஊரறிந்தவை. இணையத்தில் யாரும் எடுக்கலாம். ஒன்றைக் கொடுத்து ஓடவிட்டாள். அடுத்தது இல்லை என்றது. அதைக் கொடுத்தாள், அதற்கடுத்தது. பசித்த பிள்ளைக்கு ஊட்டுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்றுக்குப் பதிப்பு மாறிப்போய் வேறு கூச்சல் வந்தது. பதிவேட்டில் எழுதியிருந்த பழைய பதிப்பையே தேடி எடுத்து அதையும் அடக்கினாள். மதியத்துக்குள் ஐந்தும் முடிந்தது. ஆறாவது எந்த இணையத்திலும் கிடைக்காது. அது அவளும் லுத்ஃபியும் சேர்ந்து செய்தது.

அதற்கு ஜஸீரா என்று பேர் வைத்திருந்தார்கள், தீவு என்று அர்த்தம். உலகப் பட்டியலில் அபூர்வம் என்று காட்டுகிற எழுத்துகள் சில, தீவில் வீட்டுக்கு வீடு இருக்கும். அதைப் பிழை என்று எண்ணினால் நல்ல மனுஷரை நோயாளி ஆக்கிவிடுவோம். அதனால் இரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் படகேறிப் போய், ஆரோக்கியமான தீவுக்காரர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் குழாயில் எச்சில் வாங்கி வந்தார்கள். "எச்சில வெச்சு எம்புருஷனுக்கு வசியம் வைக்கப் போறியா?" என்று கேட்ட கிழவியிடம், "ஒன்னோட புருஷன் எனக்கு எதுக்கு, எம்புருஷனையே நான் வேணாம்னுட்டேன்," என்று சொல்லித்தான் மோனியா வாங்கினாள். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரோடு ஒப்பிட்டுப் பார்க்கிற கணக்கை எழுதியவள் அவள்தான், ஒரு வரி விடாமல்.

ஹம்தி பரிகாரம் தேடுகிற முகத்தோடு வந்து, போன வருஷத்து நகல் வட்டிலிருந்து அந்த ஆறாவது லைப்ரரியின் ஜார் கோப்பை எடுத்துக் கொடுத்தார். மோனியா அதற்கு வழி எழுதி ஓடவிட்டாள். இந்த முறை ஏதும் காணோம் என்று வரவில்லை. வந்தது ஒரே வரி: உரிமக் காலம் மார்ச் 31 அன்று முடிந்தது, உரிமையாளரை அணுகவும்.

தேதி ஏப்ரல் ஆறு. மூன்று வாரமாக ரசாயனச் சரக்கு வராமல் வாசிப்பு நின்றுபோயிருந்ததால் யாருக்கும் இது தெரியவில்லை.

"உரிமையாளரா? எந்த உரிமையாளர்?" என்று சத்தமாகவே கேட்டாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

ஜார் என்பது உள்ளபடி ஒரு மூட்டைதான், அவிழ்த்தால் அவிழும். இத்தனை நாள் அவள் அவிழ்த்ததில்லை. லுத்ஃபி கட்டியதை அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை. இப்போது அவிழ்த்தாள். உள்ளே ஒரு சின்னக் கோப்பில், யார் செய்தது, எப்போது செய்தது என்று இருக்கும். முதல் பதிப்பில் அங்கே இரண்டு பேர் இருந்தது, மோனியா, லுத்ஃபி என்று. அந்த வரிசையைப் பற்றி அவர்கள் சண்டைகூடப் போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டாம் பதிப்பில் ஆசிரியர் லுத்ஃபி மட்டும். உரிமையாளர், தலைநகரத்துக் கண்ணாடிக் கட்டடக் கம்பெனி. தேதி, இரண்டு வருஷத்துக்கு முந்திய ஜூன் பதினொன்று.

ஜூன் ஒன்பதாம் தேதி அவள் அம்மாவை அடக்கம் செய்தார்கள். அடுத்த நாள் ஒரு பெரிய பானை கூஸ்கூஸ் ரவைச்சோற்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு லுத்ஃபி அவள் வீட்டு மாடி ஏறி வந்தான். வாசலில் நின்று அழுதான். "நாப்பது முடியற வரைக்கும் ஆபீஸ் பக்கமே வராத. புதுப் பதிப்ப நான் பாத்துக்கறேன்," என்றான். அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அதற்கும் அடுத்த நாள் அவன் அவள் பேரை வழித்து எறிந்திருக்கிறான். பிறகு இரண்டு வருஷம் எதிரே உட்கார்ந்து அவள் ரொட்டியில் பாதியைத் தின்றிருக்கிறான்.

காலையில் யாருக்காகப் பரிந்துகொண்டு பேசினோம் என்று நினைக்க நினைக்க, ஹம்தியின் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது. அந்தச் சிரிக்கும் முகத்தை அவன் அனுப்பியபோதே அவனுக்குத் தெரியும், இவள் இங்கே வந்துதான் முட்டி நிற்பாள் என்று.

ஃபோன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"மோனியா! என் கூடப்பொறந்தவளே! நீ கூப்பிடுவேன்னு தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"சரி, உரிமச் சாவி வேணும், அவ்வளவுதான? ஒரு பக்கத்துல ஒரு கடிதம் அனுப்பறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. அஞ்சு நிமிஷத்துல சாவி வந்துரும். ஒனக்கு இலவசம், காலம் பூரா. கம்பெனில நான் சண்டை போட்டு வாங்கினேன்."

"கடிதத்துல என்ன இருக்கு?"

"சம்பிரதாயம்தான். ஆசிரியர் இன்னார், உரிமையாளர் இன்னார், ஒத்துக்கறேன்னு."

"எழுதினது யாரு, லுத்ஃபி?"

"நீதான் எழுதின. நான் இல்லைங்கலையே. ஆனா நீ எழுதி என்ன பண்ணுவ? அந்த மேஜை டிராயர்லயே வெச்சு மக்க விடுவ. எத்தன தடவ சொன்னேன், வெளிய கொண்டு போகலாம்னு? 'இது தீவுக்காரங்க சொத்து'ன்னு ஒரே பாட்டுப் பாடின."

"அவங்க எச்சில் துப்பிக் கொடுத்தது ஒன் கம்பெனிக்கா? படகுல வாந்தி எடுத்துக்கிட்டே வந்தியே, நான் தலையப் புடிச்சுக்கிட்டேன், அதுவும் கம்பெனிக்கா? எங்கம்மா மண்ணு காயலடா!"

"ஒங்கம்மா மேல ஆணை, எனக்கு அந்தத் தேதி மனசுல..."

"எங்கம்மாவ வாயால சொல்லாத."

அவன் பெருமூச்சு விடுவது கேட்டது. பிறகு மெதுவாக, அக்கறையாகவே சொன்னான். "வியாழக்கிழமை பிள்ளைக்கு ஆபரேஷன்னு நீதான எழுதின? ஒனக்குப் பிள்ளை முக்கியமா, பேரு முக்கியமா? யோசிச்சு அனுப்பு."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஹம்தி ஒரு யோசனையோடு வந்தார். "மேடம், கணினித் தேதிய மார்ச்சுக்குத் தள்ளி வெச்சுரட்டுமா? அதுக்கு என்ன தெரியப் போவுது? ஓடிரும்."

"ஓடும். அறிக்கைலயும் அந்தத் தேதிதான் விழும். அந்தப் பொண்ணுகிட்ட ரத்தம் எடுத்ததே ஏப்ரல்ல. பொய்த் தேதி போட்ட காகிதத்த நம்பி ஒரு பொண்ணு வயித்தக் கிழிப்பாங்களா?"

அவள் உட்கார்ந்தாள். மூட்டையில் பூட்டியிருந்தது கணக்குதான். நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியல் உள்ளே அப்படியே இருந்தது, அதை யாரும் பூட்டவில்லை. கணக்கோ அவள் தலைக்குள் இருந்தது. எட்டு மணிக்கு ஆரம்பித்துப் புதிதாக எழுதினாள். எங்கே எதற்காக எந்த வரி என்று கையே அறிந்திருந்தது. பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும்போது முடித்து ஓடவிட்டாள்.

குடும்பத்தின் பிழை வெஜ்தனிடம் இல்லை. சந்தேகப்படும்படி வேறு ஓர் எழுத்து இருந்தது. அதுவும் நானூற்றுப் பன்னிரண்டில் அறுபத்தொரு பேரிடம் இருந்தது, அத்தனை பேரும் திடமாக நடமாடுகிறவர்கள். வெஜ்தன் தரலாம். மோனியா இரண்டு படி இரண்டு படியாக இறங்கி டாக்டர் மஸ்மூதியின் அறைக்கு ஓடினாள். சிறுநீரகப் பிரிவுக்குத் தலைவர் அவர். எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார், பெண்டாட்டி பேரையும் குடும்பப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்வார் என்று நர்சுகள் கேலி செய்வார்கள்.

"டாக்டர், பொண்ணு சுத்தம். பாத்துட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ். அறிக்கை எங்க?"

"கணக்க நான் புதுசா எழுதி ஓட்டினேன். பழையதுதான், அதே கணக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சோதிச்ச பதிப்பா?"

கூடத்தின் விதி அவளுக்குத் தெரியாதா? அந்த விதியை எழுதிய குழுவில் அவளும் ஒருத்தி. விடை தெரிந்த நாற்பது மாதிரிகளில் ஓட்டிச் சோதித்து, பதிவேட்டில் ஏற்றிய பதிப்பு மட்டுமே அறிக்கைக்கு ஆகும். சோதனைக்கு இரண்டு வாரம். அறிக்கையில் பதிப்பின் எண்ணும் ஆசிரியர் பேரும் உரிமையாளர் பேரும் இருந்தே ஆக வேண்டும். சோதித்துப் பதிவேட்டில் ஏற்றியது அந்த இரண்டாம் பதிப்பு மட்டும்தான். அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அந்த நாற்பதாம் நாள் முடிந்து வேலைக்கு வந்ததும், அழுத கண்ணோடு, மூட்டையை அவிழ்க்காமல்.

"மோனியா, நீ சொன்னா நான் நம்புவேன்," என்றார் மஸ்மூதி. "ஆனா நாளன்னைக்கு இருபத்திரண்டு வயசுப் பொண்ணோட சிறுநீரகத்த எடுக்கறதுக்கு, மோனியா சொன்னான்னு நான் எழுத முடியாது. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள காகிதம் குடு. இல்லைன்னா அந்த சர்ஜன வர வேணாம்னு சொல்லிடறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லாததுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் மிச்சமில்லை.

புதன்கிழமை காலை கடிதத்தை அச்செடுத்து மேஜையில் வைத்தாள். ஜஸீரா என்னும் லைப்ரரியின் ஒரே ஆசிரியர் லுத்ஃபி என்பதையும், அதில் எனக்கு எந்த உரிமையும் இருந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்ததில்லை! இல்லை என்றுகூட நிறுத்தவில்லை, படுபாவி. இரண்டு வருஷத்துச் சனிக்கிழமைகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டான்.

பேனாவை எடுத்தாள், வைத்தாள். ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். கார்கள் நிற்கும் இடத்தில், ரத்தம் சுத்தம் செய்யும் பிரிவின் வாசலில், வெஜ்தன் தங்கையை முதுகில் சுமந்துகொண்டு போனாள். ரஹ்மாவின் கால் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு ஐந்து வயசுக் கால்.

மோனியா கையெழுத்துப் போட்டாள். "எடுத்துக்கடா," என்றாள், காகிதத்தைப் பார்த்து. "எடுத்துக்க, நாசமாப் போறவனே."

நான்கு நிமிஷத்தில் சாவி வந்தது. கூடவே, நீ நல்லவள், எனக்குத் தெரியும் என்று ஒரு வரி. அவள் அதை அழித்தாள். மென்பொருள் ஓடியது. ஆறு லைப்ரரியும் ஒன்றையொன்று கண்டுகொண்டன, ஒரு சிவப்பு வரி வரவில்லை. நேற்று அவள் எழுதியது சொன்ன அதே விடை. அறிக்கையில் பகுப்பாய்வு மென்பொருள் என்ற இடத்துக்கு நேராக, இதுவரை இரண்டு பேரை எழுதிவந்த இடத்தில், லுத்ஃபியின் முழுப் பேரை மட்டும், எழுத்துப்பிழை இல்லாமல், அவளே தட்டச்சு செய்தாள். பதினொன்றே காலுக்கு மஸ்மூதி அறிக்கையின் எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

"இந்த நகலக் குடும்பத்துகிட்ட நீயே குடுத்துரு," என்றார். "நல்ல செய்திய நீயே சொல்லு."

தாழ்வாரத்தில் தாய் மப்ரூக்கா தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பெரியவள், மடியில் சின்னவள். மோனியா குனிந்து சொன்னாள்.

"குடுக்கலாம். வெஜ்தன்கிட்ட ஒரு குறையும் இல்ல. நாளைக்கு ஆபரேஷன் நடக்கும்."

மப்ரூக்கா குலவையிட வாயெடுத்து, ஆஸ்பத்திரி என்று நினைவு வந்து கையால் பொத்திக்கொண்டாள். காகிதத்தை வாங்கி முத்தமிட்டாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பெரியவளிடம் நீட்டினாள். "படி மகளே, எல்லாம் படி."

வெஜ்தன் பிரெஞ்சில் இருந்ததைத் தட்டுத்தடுமாறிப் படித்து அம்மாவுக்குச் சொன்னாள். பாதியில் நின்றாள். "இங்க ஒருத்தர் பேரு இருக்கும்மா. இதக் கண்டுபிடிச்ச மென்பொருள எழுதினவராம். லுத்ஃபின்னு."

"யாரு மகளே அவரு?" மப்ரூக்கா மோனியாவை நிமிர்ந்து பார்த்தாள். "பெரிய டாக்டரா? நான் அவரு கையப் புடிச்சு முத்தம் குடுக்கணும்."

"இங்க இல்லம்மா. ஊருக்குப் போயிட்டாரு."

"நீ யாரு மகளே?"

"நான் மெஷின ஓட்டறவ."

"ஒனக்கும் அல்லாவோட பரக்கத் கிடைக்கட்டும்," என்றாள் மப்ரூக்கா, பெருந்தன்மையாக. பிறகு இரண்டு கையையும் ஏந்தினாள். இரண்டு பெண்களும் ஏந்தினார்கள். தாழ்வாரத்தில் காத்திருந்த வேறு நாலு பேரும், யாருக்கு என்ன என்று கேட்காமலே, ஏந்தினார்கள். நிற்கிறவள் ஏந்தாமல் இருந்தால் நன்றாக இருக்காது. மோனியாவும் ஏந்தினாள்.

"யா ரப்பே! இத எழுதின லுத்ஃபியோட கைய நீ எந்நாளும் காப்பாத்து. அவரு பேர ஒசத்தி வை, அவரு வீட்ட நெறச்சு வை. அந்தக் கையாலதான் எம்பிள்ள பொழைக்கப் போறா. நாளைக்கு எம்பிள்ளைய எனக்குத் திருப்பிக் குடு."

"ஆமீன்," என்றார்கள் மற்ற எல்லோரும்.

கடைசி வரிக்கு மட்டும் ஆமீன் சொல்ல மோனியா ஆசைப்பட்டாள். ஆனால் மப்ரூக்கா இரண்டையும் சேர்த்தல்லவா அனுப்பியிருந்தாள். மடியிலிருந்து ரஹ்மா, இவள் ஏன் இன்னும் சொல்லவில்லை என்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஆமீன்," என்றாள் மோனியா.